கொல்லன் கடனும் அக்னிச் சிறகுகளும்

நம் பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களில் மாணவர் கைகளுக்கு ஓயாது வந்துசேரும் நூல்களுள் ஒன்று, ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்களின் தன்வரலாறாகிய 'அக்னிச் சிறகுகள்'. அருண் திவாரி அவர்களின் துணையுடன் 1999-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழிலும் பல பதிப்புகள் கண்ட இந்நூலுக்குப் பாராட்டுரைகள் ஏராளம், திறனாய்வுரைகளோ அரிது. பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எடைபோடுவது முறையன்று என்னும் தயக்கம் அதற்குக் காரணமாகலாம். வாழ்க்கை வேறு, அவ்வாழ்க்கையை எடுத்துரைக்கும் நூல் வேறு. நூலொன்று கைக்கு வந்தபின், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் கடந்து போகிறது என்று கேட்பது வாசகனின் உரிமை.

அவ்வுரிமையை நாம் ஐயப்பன்தாங்கலில் இருந்துகொண்டு பயன்படுத்த விழைகிறோம். இடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊருக்கு வடக்கே, பூவிருந்தவல்லியைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் ஆவடி. அங்கே 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பிரித்தானிய விக்கர்ஸ் நிறுவனத்தின் வரைவைக் கொண்டு உருவான 'விஜயந்தா' டாங்கிகளுள் முதலாவது 1965-இல் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் உருசிய வடிவமைப்பிலான டி-72, டி-90 வகைகளும், ஆவடியிலேயே அமைந்துள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த 'அர்ஜுன்' டாங்கியும் அங்கே உருப்பெற்றன. எஞ்சின் தொழிற்சாலையும், படைவீரருக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் பக்கத்திலேயே உள்ளன. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு லேத் பட்டறைகளிலும் இவற்றுக்கான உதிரிப் பாகங்கள் கடைசல் பிடிக்கப்படுவதுண்டு. 2021 அக்டோபர் முதல் நாள் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச ஊர்திகளுக்கான நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியிலேயே அமைந்தது. 2019 சனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் சென்னையும் ஒன்று. எனவே, இத்தொழிலின் ஊதியத்தில் உலை வைக்கும் குடும்பங்கள் நம் பங்கிலும் இருப்பது இயல்பே.

அத்தகைய குடும்பத்துத் தாய் ஒருவர், பொறியியல் படித்த தம் மகனுக்கு ஏவுகணை உறுப்புகள் செய்யும் தனியார் நிறுவனமொன்றில் வேலை கிடைத்ததற்காக நன்றித் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுத்தார். நாம் மகிழ்வோடு வாசித்தோம். நான்கு ஆண்டுகள் வேலையின்றி வீட்டில் இருந்த பிள்ளை அவன். அதே ஞாயிறன்று, போரினால் அல்லலுறும் நாடுகளுக்காகவும் மன்றாட்டு எழுப்பப்பட்டது. இரண்டுக்கும் மக்கள் ஒரே மறுமொழியைச் சொன்னார்கள். இவ்விரு மன்றாட்டுகளும் ஒரே பீடத்தின் முன் எப்படி அருகருகே நிற்கின்றன என்னும் வினாவோடுதான், அந்த இளைஞனின் மேசையிலும் நாம் கண்ட 'அக்னிச் சிறகுக'ளை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

நூலின் முற்பகுதி படிப்போரை எளிதில் வசப்படுத்துவது. இராமேசுவரத்துப் படகோட்டியான தந்தை ஜைனுலாப்தீன், அவருடைய நண்பரான கோயில் அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகள், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி ஆசிரியர் ஐயாதுரை சாலமோன் ஆகியோர் மூன்று சமயங்களும் ஒரு சிறுவனை வளர்த்தெடுத்த கதையாக அதில் வருகின்றனர். இயேசு சபையினரின் திருச்சி தூய வளனார் கல்லூரி நாட்களும், விடுதிக் காப்பாளராகவும் ஆங்கில ஆசிரியராகவும் இருந்த சிக்குவேரா அடிகளாரும் நன்றியோடு நினைக்கப்படுகின்றனர். தும்பாவில் தூய மகதலா மரியாள் ஆலயமே விண்வெளி நிலையத்தின் முதல் அலுவலகமாயிற்று என்றும், வழிபாட்டுக்கூடமே தம் முதல் ஆய்வுக்கூடம் என்றும், ஆயரின் அறையே தாம் வரைபடம் தீட்டிய இடம் என்றும் கலாம் எழுதும்போது கத்தோலிக்க வாசகரின் நெஞ்சு நிமிர்வது இயற்கை. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவ்வாலயத்தை அறிவியலுக்கு வழங்கிய கதையை நாமும் மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம். அதனைச் சொல்லும்போது, இடம்பெயர்ந்து சென்ற மீனவக் குடும்பங்களை ஒரு வரியில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம் என்பதையும் சொல்லி வைப்போம்.

1963 நவம்பரில் தும்பாவிலிருந்து எழுந்த ராக்கெட் வளிமண்டலத்தை ஆராய்வதற்கானது. 1980 சூலையில் எஸ்.எல்.வி-3 சுமந்து சென்றது ரோகிணி எனும் செயற்கைக்கோளை. 1982-இல் கலாம் விண்வெளித் துறையை விட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு வருகிறார். மறு ஆண்டே ஏவுகணைத் திட்டம் தொடங்குகிறது. 1988 பிப்ரவரியில் 'பிருத்வி'யும், 1989 மே 22 அன்று 'அக்னி'யும் எழுகின்றன. அக்னியின் முதற்கட்டப் பொறி, செயற்கைக்கோளைச் சுமந்த எஸ்.எல்.வி-3-இன் முதற்கட்டத்திலிருந்தே பெறப்பட்டது. வானிலையை அறியத் தொடங்கிய முயற்சி, செயற்கைக்கோளைத் தாங்கி, இறுதியில் அணுகுண்டைத் தாங்கவல்ல கருவியில் வந்து நிற்கிறது. இத்தனை பெரிய கடப்பு ஒரு மனிதனின் உள்ளத்தில் நிகழும்போது அங்கே ஏதோ ஓர் அசைவு இருந்திருக்க வேண்டும் என்று வாசகன் எதிர்பார்ப்பது நியாயம். நூல் அதனை ஒரு பணிமாற்றமாகவே சொல்லிச் செல்கிறது. புதிய ஆய்வகத்தின் சோர்வு, குழுக்களை அமைத்த விதம், தோல்வியுற்ற ஏவுதல்கள், நாளிதழ்களின் கேலிச்சித்திரங்கள் ஆகியவை விரிவாக வருகின்றன. ஏவுகணை சென்று விழும் இடத்தில் யார் குடியிருப்பார் என்னும் நினைவு, நூலின் அக்கறையாக எங்கும் வளரவில்லை.

ஆனால் ஓரிடத்தில் நூல் தன்னையறியாமல் பேசிவிடுகிறது என்பது நம் கருத்து. ஆங்கில மூலம் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. 1981 முதல் 1991 வரையிலான ஏவுகணை ஆண்டுகளைச் சொல்லும் மூன்றாம் பகுதிக்கு இடப்பட்ட தலைப்பு 'புரொபிசியேஷன்'. குருமடத்தில் இறையியல் பயின்றவர் எவரையும் இச்சொல் நிறுத்திவிடும். காணிக்கை செலுத்தி இறைவனின் சினத்தைத் தணித்தல் என்பது அதன் பொருள். திருப்பலியைப் பரிகாரப் பலி என்று நாம் உரைப்பதும் இப்பொருளிலேயே. அக்னி எனும் தெய்வப் பெயருக்குப் பொருத்தமாக அத்தலைப்பு அமைந்திருக்கலாம். எனினும் பரிகாரம் என்றால் எதற்குப் பரிகாரம்? எந்தச் சினம் தணிய வேண்டும்? நூலில் விடை இல்லை. அக்னி ஏவுதலுக்கு முந்தைய இரவு, வெற்றியைக் கொண்டாட என்ன வேண்டும் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கே. சி. பந்த் கேட்க, ஆய்வு வளாகத்தில் நடுவதற்கு ஒரு இலட்சம் மரக்கன்றுகள் வேண்டும் என்று கலாம் விடையளித்த நிகழ்ச்சி அப்பகுதியில்தான் வருகிறது. நெருப்பைப் படைத்தவர் நிழலைக் கேட்கிறார். ஏவுகணைக்கென உருவான எடை குறைந்த கூட்டுப்பொருளைக் கொண்டு, 3 கிலோ எடையுள்ள கால்தாங்கியைச் சுமந்த குழந்தைகளுக்கு 300 கிராமில் கால்தாங்கி செய்து கொடுத்ததைப் பல மேடைகளில் அவர் உருகிச் சொன்னதும் இதே வரிசையில் வைக்கத்தக்கது. மேலும், 2002-இல் வெளிவந்த 'எழுச்சி தீபங்கள்' நூல் ஒரு கனவோடு தொடங்குகிறது. நிலவு பொழியும் பாலையில் காந்தியடிகளும் ஐன்ஸ்டைனும் லிங்கனும் கலீபா உமரும் நிற்க, கலிங்கப் போரின் துயரோடு அசோகரும் நிற்கிறார். விழித்திருக்கும்போது நூல் கேட்காத வினா, உறக்கத்தில் அசோகர் வடிவில் வந்து நின்றது என்று நாம் வாசிக்கிறோம். மனச்சான்று அவரிடம் இருந்தது. அது செடியாக, கால்தாங்கியாக, கனவாக வெளிப்பட்டது. வாக்கியமாக வெளிப்படவில்லை. ஐயப்பன்தாங்கலில் அந்நூலைப் படிக்கும் இளைஞனுக்குத் தேவைப்படுவதோ அந்த வாக்கியம்.

இக்குறை கலாம் ஒருவருக்கு உரியதன்று. நம் இலக்கிய மரபின் ஆழத்திலேயே இது கிடக்கிறது. புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியாரின் தாய் ஒருத்தி, ஓர் இளைஞன் போர்வீரனாவதற்கு யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று பங்கிட்டுச் சொல்கிறாள். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவர் அதில் வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் வகுக்கப்படுகிறது. வேலை உருவாக்கித் தருவது கொல்லனின் கடனாம். தமிழில் படைக்கலத் தொழிலாளியைப் பற்றிய மிகப் பழைய அறக்கூற்றுகளுள் ஒன்று இதுவாகத்தான் இருக்கும். கொல்லன் தந்தைக்கும் வேந்தனுக்கும் நடுவே, மதிப்பான இடத்தில் நிற்கிறான். ஆனால் அவனுக்கு வாய் இல்லை. வேலைச் செய்து கொடுக்கும் கடன் அவனுக்கு உண்டு. எவனுக்கு, எதற்கு என்று கேட்கும் கடன் உண்டா என்பதைப் பாட்டு எண்ணிப் பார்க்கவில்லை. பேசுகிறவள் தாய் என்பதால், அவளுக்கே கூட அக்கேள்வி தோன்றாமற் போனது நம்மை மேலும் வருத்துகிறது.

95-ஆம் பாட்டில் ஔவையார் இதே கொல்லனின் குடிலை நமக்குக் காட்டுகிறார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் வந்தவர், அவனுடைய படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலியும் மாலையும் சூடி நெய் பூசி மின்னும் ஆயுதங்களைக் காண்கிறார். தம் மன்னனின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்று, புகழ்வது போலப் பழிக்கிறார். பயன்படாத ஆயுதம் நகைப்புக்குரியது என்பதே அங்கதத்தின் அடிப்படை. தொண்டை நாட்டில், அந்தத் தொண்டைமானின் நிலத்தில் வாழும் நாம் இன்று அப்பாட்டைத் தலைகீழாகவே படிக்க வேண்டியிருக்கிறது. ஆயுதபூசையன்று மாலை சூடி எண்ணெய் மினுக்கோடு நிற்கும் டாங்கி என்றென்றும் அப்படியே நின்று துருப்பிடிக்கட்டும் என்று வேண்டுவதே இன்றைய ஆவடித் தொழிலாளியின் நேர்மையான வேண்டுதலாக இருக்க முடியும். தம் உழைப்பின் பொருள் பயன்படாமற் போகட்டும் என்று வேண்டும் தொழில் இதைத் தவிர எத்தனை உண்டு?

கொல்லனிடம் சொல்லாமலே வேலை வாங்கிய கதையும் உண்டு. நம் ஊர்ப் பெயரில் உள்ள 'தாங்கல்' என்பது நீர் தேங்கும் சிற்றேரி. டாங்கி என்று நாம் சொல்லும் கருவிக்கு அப்பெயர் வந்ததும் நீர்த்தொட்டியிலிருந்துதான். 1915-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் முதல் டாங்கிகள் உருவானபோது, இரகசியம் காக்கும் பொருட்டு, இவை நீர் சுமக்கும் தொட்டிகள் என்று கதை கட்டப்பட்டது. அப்பொய்யே பெயராக நிலைத்துவிட்டது. தாம் செய்வது இன்னதென்று தெரியாமல் ஆணி முடுக்கிய அத்தொழிலாளரைக் குற்றம் சொல்ல எந்த அறநூலாலும் முடியாது. தெரிந்து முடுக்குகிறவர்களைப் பற்றித்தான் நம் பேச்சு.

சமய நூல்கள் என்ன சொல்கின்றன? நம் திருச்சபையின் ஏடுகளையும் அதே கண்ணோடு பார்ப்பதே நீதி. திருமுழுக்கு யோவானிடம் படைவீரர் வந்து தாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டதை லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவர் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம் என்றும், கிடைக்கும் ஊதியம் போதுமென்று இருங்கள் என்றும் சொன்னார். வாளைச் செய்தவன் யோர்தான் கரைக்கு வரவில்லை. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தெர்த்துல்லியன் எழுதிய நூலொன்றில், சிலை செய்து பிழைத்த கிறிஸ்தவர்கள் 'எமக்கு வேறு பிழைப்பு இல்லை' என்று சொன்ன சமாதானத்தைக் கடுமையாக மறுக்கிறார். சிற்பியையும் நாடகக்காரரையும் கிளாடியேட்டர்களைப் பழக்குவோரையும் படைவீரரையும் பெயர் சொல்லி நிபந்தனை விதிக்கும் பண்டைய 'திருத்தூதர் மரபு' ஏட்டிலும் ஆயுதக் கொல்லன் இல்லை. மயிலைச் சாந்தோமில் திருத்தூதர் தோமாவின் நினைவுப்பொருளோடு ஓர் ஈட்டி முனையும் பாதுகாக்கப்படுகிறது. குத்தியவனைப் பற்றி மரபுக்கதைகள் உண்டு. அதனை வடித்தவனைப் பற்றி எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், நகரங்களை மக்களோடு அழிக்கும் போர்ச்செயல் இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று தீர்த்துச் சொன்னது. நாட்டைக் காக்கும் படைவீரரை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணிபுரிவோராக மதித்தது. படைக்கலப் போட்டி ஏழைகளின் வயிற்றில் அடிப்பதையும் கண்டித்தது. ஆட்சியாளருக்கும் வீரருக்கும் சொல்ல அதனிடம் சொல் இருந்தது. தொழிற்சாலையில் நிற்பவருக்கென்று தனியே ஒரு சொல் இல்லை. 2015 சூனில் துரின் நகரில் இளைஞரோடு பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டே ஆயுதம் செய்யும் முதலாளிகளையும் அதில் முதலீடு செய்வோரையும் நம்புவது எப்படி என்று வினவினார். நல்ல வினா. முதலாளியையும் முதலீட்டாளரையும் நோக்கிய வினா. மூன்றாவது ஷிப்டு முடிந்து பூவிருந்தவல்லியில் பேருந்துக்கு நிற்பவருக்கு அதில் என்ன பதில்?

தொழிலாளியையே நேரே நோக்கிப் பேசிய ஆயர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ மறைமாவட்ட ஆயர் லெராய் மத்தீசன். அம்மறைமாவட்டத்துக்குள் இருந்த பான்டெக்ஸ் தொழிற்சாலையில்தான் அந்நாட்டின் அணுகுண்டுகள் இறுதியாகப் பூட்டப்பட்டன. 1981 ஆகஸ்டில் நியூட்ரான் குண்டு செய்ய முடிவானபோது, அப்பணியில் உள்ளோர் தாம் செய்வதை எண்ணிப் பார்க்கும்படியும், அதனை விட்டு அமைதிக்கான தொழிலைத் தேடும்படியும் அவர் வேண்டினார். வேலையை விடுவோருக்கு உதவ ஒரு நிதியும் ஏற்பட்டது. ஊர் கொதித்தது, மறைமாவட்டத்தின் குடும்பநலப் பணிக்கு வந்துகொண்டிருந்த உள்ளூர் உதவி நின்றது. வேலையை விட்டவர்களோ மிகச் சிலரே. இதைத் தோல்வி என்று எண்ணுவோர் உளர். நாம் அப்படி எண்ணவில்லை. 1983-இல் அமெரிக்க ஆயர்கள் அமைதியைப் பற்றி எழுதிய மேய்ப்புப்பணி மடலில் படைக்கலத் தொழிலில் உள்ளோர் தனியே விளிக்கப்பட்டனர்; மனச்சான்றின் பொருட்டு விலகுவோர்க்கும், மனச்சான்றோடு தொடர்வோர்க்கும் திருச்சபையின் துணை உண்டு என்று சொல்லப்பட்டது. தொழிலாளிக்கென்று ஒரு வாக்கியம் இவ்விதமாக நம் ஏடுகளில் ஏறியது. அது சற்று மழுப்பலான வாக்கியம்தான். ஆயினும் ஒரு பங்குத்தந்தைக்கு அதிலிருந்து தொடங்க முடியும்.

தொடங்குவது எங்கே? அறநெறி இறையியலில், பிறர் செய்யும் தீமையில் ஒருவர் ஒத்துழைத்தல் என்னும் பாடம் உண்டு. எசமான் தகாத வீட்டுக்குள் சன்னல் வழியே ஏறுவதற்கு ஏணி பிடித்த வேலையாள் குற்றவாளியா என்பது அதில் வரும் பழைய எடுத்துக்காட்டு. வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தால் பிடிக்கலாம் என்று சொன்ன தளர்ந்த கருத்தை 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் தள்ளினார். அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரியார் இதனை நுணுக்கமாகப் பகுத்தார். தீய நோக்கத்தையே தனதாக்கிக்கொண்டு உதவுவது ஒன்று. நோக்கத்தை ஏற்காமல் கைவேலையால் மட்டும் உதவ நேர்வது மற்றொன்று. அக்கைவேலை தீச்செயலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அதன்றி அத்தீமை நிகழாதா, விலகினால் நேரும் இழப்பு எவ்வளவு என்றெல்லாம் நிறுக்கச் சொன்னார். இப்பாடத்தைச் சட்டப் புத்தகமாகப் படித்தால் சலிக்கும். ஆவடியில் வைத்துப் படித்தால் உயிர் பெறுகிறது. சீருடைக்குப் பொத்தான் தைப்பதும், எல்லையில் நிற்கும் டாங்கிக்குக் கவசம் பற்றவைப்பதும், நகரம் ஒன்றை முழுதாய் எரிக்கக்கூடிய ஏவுகணையின் வழிகாட்டும் உறுப்பைச் செய்வதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. தாக்கவரும் பகைவனிடமிருந்து நாட்டைக் காத்தல் நியாயமான காரியம் என்று திருச்சபை இன்றும் ஏற்கிறது. முழு நகரை எரிப்பதைச் சங்கம் குற்றம் என்றது; அணு ஆயுதத்தை வைத்திருப்பதே அறத்துக்கு மாறானது என்று 2019 நவம்பரில் இரோசிமாவில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். ஆகவே, நம்மிடம் வரும் இளைஞனிடம் நாம் தயங்காமல் சொல்வோம்: நீ செய்யும் உறுப்பு எதில் பூட்டப்படும் என்று கேட்டுத் தெரிந்துகொள். அணுகுண்டைச் சுமக்கும் கருவிக்கு என்றால், அந்த வேலையைச் செய்யாதே. அதனால் வேலை போனால், அடுத்த வேலை கிடைக்கும் வரை அக்குடும்பத்தைத் தாங்குவது பங்குப் பேரவையின் செலவு. தாயின் பசியைக் காரணம் காட்டியும் பழிப்புக்குரிய செயலைச் செய்யலாகாது என்று வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் மிகக் கடுமையாகச் சொன்னார். அவரோடு நாம் உடன்படுகிறோம், ஒரு நிபந்தனையோடு. அந்தத் தாய்க்கு ஊரார் சோறு போட வேண்டும். ஐயப்பன்தாங்கலில் வீட்டுக்கடன் தவணை கட்டுவோருக்குக் 'கடன்' என்னும் சொல்லின் முதற்பொருள் பொன்முடியாருக்கு இருந்தது போன்றதன்று.

எவருக்காகச் செய்கிறோம் என்னும் வினாவும் இப்போது கூர்மை பெற்றுவிட்டது. 'நம் நாட்டைக் காக்கத்தானே செய்கிறோம்' என்பது ஆவடித் தலைமுறையின் கவசம். அது பொய்யன்று. ஆனால் 2023-24 நிதியாண்டில் இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி ரூ. 21,083 கோடி, மறு ஆண்டு ரூ. 23,622 கோடி. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்தக் கவசம் பொருந்தாது. 2024 மே மாதம், சென்னையிலிருந்து வெடிபொருள் ஏற்றி இசுரயேலின் ஹைஃபா நோக்கிச் சென்ற கப்பலொன்றைத் தன் கார்த்தஹேனா துறைமுகத்தில் அனுமதிக்க ஸ்பெயின் அரசு மறுத்தது. நம் துறைமுகத்திலிருந்து கிளம்பியது என்ன என்பதை, அயல்நாடு தடுத்தபின் அறிந்தோர் நாம். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், பிப்ரவரியில், இந்தியாவின் 11 பெருந்துறைமுகத் தொழிலாளரின் கூட்டமைப்பு ஒன்று, பாலத்தீன மக்களைக் கொல்லப் பயன்படும் ஆயுதச் சரக்கை ஏற்றி இறக்க மாட்டோம் என்று அறிவித்திருந்தது. 2019-இல் இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத் தொழிலாளரும், ஏமன் போரை முன்னிட்டு, சவூதிக்குச் செல்லவிருந்த சரக்கை ஏற்ற மறுத்தனர். இவர்கள் வேலையை விடவில்லை. இன்ன சரக்கை மட்டும் தொட மாட்டோம் என்றார்கள். கொல்லனுக்கு வாய் முளைத்த தருணங்கள் இவை. நம் நாட்டிலோ 2021-இல் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டமே ஓராண்டுக் காலத்துக்கு வந்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும். வாய் முளைப்பது அத்தனை எளிதன்று.

இத்தொழிலின் அறத்தைப் பட்டறைக்குள் வைத்தே பேசிய இலக்கியம் ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனமில்லை. ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' நாடகம் 1947-இல் அரங்கேறியது. போர்விமானங்களுக்கு எஞ்சின் உறுப்பு செய்யும் ஜோ கெல்லர், வெடிப்பு விழுந்த உறுப்புகளை மறைத்து அனுப்புகிறார். 21 விமானிகள் மாள்கின்றனர். குடும்பத்துக்காகவே செய்தேன் என்பது அவர் வாதம். மில்லர் போரைப் பற்றி அங்கே சொற்பொழிவாற்றவில்லை. ஒரு தகப்பனையும் ஒரு பழுதான உறுப்பையும் காட்டி நிறுத்திக்கொள்கிறார். 'அக்னிச் சிறகுக'ளில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் வருகின்றன. அவற்றைச் செய்த கைகளும் நன்றியோடு குறிக்கப்படுகின்றன. அக்கைகளுக்குரியவர் இரவில் என்ன நினைத்துப் படுத்தார் என்பது மட்டும் வருவதில்லை. அது அறிவியலாளரின் நூல். அவரிடம் அதைக் கேட்பது மிகையாகலாம். ஆவடியிலிருந்து எழுதப்பட வேண்டிய நூலில் அது வர வேண்டும். அந்நூலை இன்னும் எவரும் எழுதவில்லையே என்பதுதான் நம் ஆதங்கம்.

எழுதக்கூடிய ஒருவரை நாம் அறிவோம். விஜயந்தா காலத்து வெல்டர், ஓய்வுபெற்று நெடுநாளாயிற்று. நோயில்பூசுதல் பெற்றுத் தேறிய பின்னொரு மாலை, 'நான் பாவத்தில் உழைத்தேனா, சாமி?' என்று கேட்டார். ஏணியையும் லிகோரியாரையும் அவரிடம் நாம் இழுக்கவில்லை. பற்றவைப்பைப் பற்றிச் சொல்லும்படி கேட்டோம். டாங்கிக்குள் நான்கு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்தே ஒவ்வொரு தையலும் போட்டதாகச் சொன்னார். மேற்பார்வையாளர் முத்திரை குத்திய பின்னும் மனம் ஒப்பாமல் இரண்டு முறை வெட்டியெடுத்து மறுபடி வைத்தாராம். செய்தித்தாளில் டாங்கிப் படம் வந்தால் இன்றும் முதலில் கண் போவது தையலின் மேல்தான் என்றார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்துத் தெருவில் நம் படையின் டாங்கி நின்ற படத்தை மட்டும் பார்த்தும் பாராமல் தாளை மடித்து வைத்துவிட்டாராம். அது ஆவடியில் செய்ததா, சோவியத்து நாட்டிலிருந்து வந்ததா என்று கேட்டோம்.

"தெரியாது, சாமி. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் மடித்தேன்" என்றார்.